மருந்துப் பட்டியல் ஒன்று, கிருமி இரண்டு: ஐ.சி.யூ.வில் பரவிய ஒரு கிளெப்சியெல்லா பற்றிய நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் ஒரு நடுத்தர மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி லேபில் நடந்ததை எழுதுகிறேன். நோயாளிகளின் வயது, தொழில், ஊர் எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். இதை எழுத முக்கியக் காரணம், முதல் அறிக்கையில் நான் எழுதிய ஒரு வரி தவறாக இருந்தது, அந்த ஒரு வரியால் ஒரு பெண் மூன்று வாரம் தலைகுனிந்து வார்டு வாசலோடு வந்துபோனார்.

ஆறு வாரத்தில் ஐந்து நோயாளிகள். ஐந்து பேரிடமும் வளர்ந்தது கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா, ஐந்துமே மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்குக் கேட்காதவை.

முதலில் வந்தவர் தண்டையார்பேட்டையைச் சேர்ந்த 62 வயது அம்மா. நீண்ட நாள் சர்க்கரை, சிறுநீரகம் பழுது, டயாலிசிஸ். வேறொரு மருத்துவமனையில் 12 நாள் இருந்துவிட்டு எங்களிடம் வந்தார், வந்த மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல், ரத்தக் கல்ச்சரில் கிளெப்சியெல்லா. இரண்டு வாரத்துக்கு அப்புறம் காசிமேட்டில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் 54 வயதுக்காரர், எண்ணூர் விரைவுச் சாலையில் பைக் விபத்து, தலையில் அடி, வென்டிலேட்டரில் ஒன்பதாம் நாள் சளியிலும் அடுத்து ரத்தத்திலும் அதே பெயர். அடுத்த வாரம் கொருக்குப்பேட்டைப் பாட்டி, பக்கவாதம். அதற்கடுத்து மணலியில் கான்ட்ராக்ட் வெல்டராக இருக்கும் 41 வயதுக்காரர், கணைய அழற்சி. கடைசியாக வியாசர்பாடிப் பெரியவர், 70 வயது, ஐ.சி.யூ.வுக்குள் அவர் வரவே இல்லை, ஐ.சி.யூ.வுக்கும் சாதா வார்டுக்கும் நடுவிலான ஸ்டெப்-டவுன் வார்டில் புராஸ்டேட் பிரச்சினைக்காகக் கதீட்டரோடு படுத்திருந்தவர், அவருடைய சிறுநீரில்.

எந்தெந்த மருந்துக்குக் கிருமி கேட்கும் என்ற பரிசோதனை முடிவுகளை, அதாவது மருந்துப் பட்டியலை, வரிசையாக வைத்துப் பார்த்தால் ஐந்தும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. செஃப்ட்ரியாக்சோன் இல்லை, பிப்பரசிலின்-டாசோபாக்டம் இல்லை, மெரோபெனெம் இல்லை, அமிகாசின் இல்லை, சிப்ரோஃப்ளாக்சசின் இல்லை. எதிர்ப்பு மரபணுக்களுக்கான பி.சி.ஆர். பார்த்தோம், ஐந்திலும் என்.டி.எம்., ஐந்திலும் ஆக்ஸா-48 குடும்பம், இரண்டுமே மெரோபெனெம் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள். சரி, ஒரே கிருமிதான் ஆளுக்கு ஆள் தாவுகிறது என்று நினைத்தேன். வெளியிலிருந்து வந்த அம்மாதான் தேதிப்படி முதல். "ஒரே வகைக் கிருமி முதல் நோயாளியிடமிருந்து பரவியிருக்க வாய்ப்பு அதிகம்" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வரி எப்படியோ வார்டுக்குப் போய்விட்டது. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்ட வந்துபோன மகளிடம் யாரோ, "உங்கம்மாகிட்டேர்ந்துதான் எல்லாருக்கும் போயிருக்கு, நீதான் கையக் கழுவாம அங்கயும் இங்கயும் போற" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் அதற்கப்புறம் வாசலிலேயே நின்று டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். இது எனக்குத் தெரியவந்தது பின்னால்தான்.

சந்தேகத்தை முதலில் கிளப்பியவர் எங்கள் லேப் டெக்னீஷியன். பெரியவரின் சிறுநீரிலிருந்து கிருமி வளர்த்த தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "மேடம், இது கிளெப்சியெல்லா மாதிரியே இல்லையே" என்றார். மற்ற நான்கின் காலனிகளும், அதாவது கிருமிக் குவியல்களும், மெக்கான்கி என்ற வளர்ப்புத் தட்டில் இளஞ்சிவப்பாக, ஈரமாக, குண்டு குண்டாக, ஒன்றோடொன்று வழிந்து சேர்ந்து கிடந்தன. லூப்பால் தொட்டுத் தூக்கினால் வெல்லப்பாகு மாதிரி கொஞ்சம் இழுபடும். இந்த இழுபடுதலை 5 மில்லிமீட்டருக்கு மேல் போகிறதா என்று பார்ப்பதுதான் ஸ்ட்ரிங் டெஸ்ட். வீட்டில் பலகாரத்துக்குப் பாகு பார்த்தவர்களுக்குக் கம்பிப்பதம் என்றால் தெரியும், ஏறக்குறைய அதேதான். எங்கள் நான்கில் எதுவும் அந்தப் பதம் வரை போகவில்லை, இரண்டு மூன்று மில்லிமீட்டரிலேயே அறுந்துவிட்டது. பெரியவருடையது இழுபடவே இல்லை. சின்னதாக, தட்டையாக, வறண்டு, பளபளப்பே இல்லாமல் இருந்தது. கிருமியின் பெயர் சொல்லும் மெஷினில் இரண்டு முறை போட்டோம், இரண்டு முறையும் கிளெப்சியெல்லா நிமோனியே என்றே வந்தது.

இந்தியன் இங்க் எடுத்து ஒரு சொட்டு போட்டுப் பார்த்தோம். மலிவான, பழைய சோதனை. கறுப்புப் பின்னணியில் அம்மாவின் கிருமியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது, அதுதான் உறை. பெரியவரின் கிருமியைச் சுற்றி மை அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. உறை இல்லாத கிளெப்சியெல்லா. அப்போது வார்டில் எல்லோரும் சொன்னது, "இது வேற ஏதோ, கதீட்டர்ல ஒட்டிக்கிட்டு வந்தது, கணக்குல சேக்காதீங்க." நானும் சேர்க்கவில்லை.

உறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மீதிக் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. கிளெப்சியெல்லாவின் வெளிப்புறம் இரண்டு அடுக்குச் சர்க்கரை. உள்ளே ஒட்டியிருப்பது ஓ ஆன்டிஜன், அது லிப்போபாலிசாக்கரைடு என்ற கொழுப்பு-சர்க்கரை மூலக்கூறின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் சங்கிலி. அதற்கும் மேலே தடிமனான கே ஆன்டிஜன், நாம் உறை என்று சொல்வது. நம் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் கிருமியைப் பிடித்து விழுங்கவிடாமல் வழுக்கிவிடுவதும், காம்ப்ளிமென்ட் புரதங்கள் மேலே படிந்து ஓட்டை போடாமல் தடுப்பதும் பெரும்பாலும் இந்த உறையின் வேலை. 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பாக்டீரியாக்களை நிறத்தால் பிரித்துக் காட்டும் தன் சாயமுறையைக் கண்டுபிடித்தது பெர்லினில் ஃப்ரீட்லாண்டர் என்ற மருத்துவருடன் நிமோனியா நோயாளிகளின் நுரையீரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான். அந்த ஃப்ரீட்லாண்டர் 1882-இல் விவரித்த கிருமிதான் பின்னால் கிளெப்சியெல்லா ஆனது. ஆக, இந்த உறை போட்ட கிருமியோடு எங்கள் துறைக்கு ரொம்ப நாள் பழக்கம்.

உறையைக் கிருமி எப்படிக் கட்டுகிறது என்பது பூக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். உள்சவ்வில் ஒரு கொழுப்பு நூல். அதில் முதல் பூவை, அதாவது முதல் சர்க்கரையை, முடிச்சுப் போடுவது ஒரு நொதி, கிருமியின் வகையைப் பொறுத்து அது டபிள்யூ-சி-ஏ-ஜே ஆகவோ டபிள்யூ-பி-ஏ-பி ஆகவோ இருக்கும். அதன்மேல் வேறு நொதிகள் ஒவ்வொரு சர்க்கரையாகச் சேர்த்து ஒரு சின்னக் கண்ணி ஆக்குகின்றன. அந்தக் கண்ணியைச் சவ்வின் மறுபுறம் புரட்டிப் போடுவது டபிள்யூ-இசட்-எக்ஸ், கண்ணிகளை ஒன்றோடொன்று சேர்த்துச் சரமாக்குவது டபிள்யூ-இசட்-ஒய், சரம் எத்தனை முழம் என்று தீர்மானிப்பதில் டபிள்யூ-இசட்-சி-க்குப் பங்கு, வாசல் வழியே வெளியே தள்ளுவது டபிள்யூ-இசட்-ஏ, வெளியே போன சரத்தை மேற்பரப்பில் பிடித்து வைப்பது டபிள்யூ-இசட்-ஐ. முதல் முடிச்சு விழவில்லை என்றால் பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் சரம் வராது.

இத்தனை பேருக்கான மரபணுக்களும் குரோமோசோமில் ஒரே தெருவில் பக்கம்பக்கமாக இருக்கின்றன, இதைக் கே லோக்கஸ் என்கிறார்கள், 10 ஆயிரம் முதல் 30 ஆயிரம் டி.என்.ஏ. எழுத்து நீளம். தெருவின் இரண்டு முனைகளும் எல்லாக் கிளெப்சியெல்லாவிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், நடுவில்தான் வீடுகள் மாறும். எந்தச் சர்க்கரை, எந்தக் கோணத்தில் முடிச்சு, யார் புரட்டுவது, யார் கோர்ப்பது என்பதெல்லாம் நடுவில் இருக்கிறது. ஆன்டிசீரம் (குறிப்பிட்ட உறையில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள் உள்ள சீரம்) வைத்துப் பார்த்த காலத்தில் 77 உறை வகைகள் எண்ணினார்கள். மரபணுத் தொகுப்புகளைப் படிக்க ஆரம்பித்த பிறகு வகைகள் 160-ஐத் தாண்டிவிட்டன. இந்தத் தெருவை அடுத்தே ஓ ஆன்டிஜனுக்கான தெரு. அதில் இத்தனை வேறுபாடு கிடையாது, ஒரு கைக்கு மேல் கொஞ்சம் போகும் அவ்வளவுதான். அதிலும் ஓ1, ஓ2 இரண்டுக்கும் அந்த இடத்தில் ஒரே மரபணுத் தொகுதிதான், ஓ1 ஆக்கும் கூடுதல் மரபணு குரோமோசோமில் வேறெங்கோ தள்ளி இருக்கிறது.

இதில் டபிள்யூ-இசட்-ஐ மரபணு மாறாத முனைப்பக்கம் இருப்பதால் ஒரே ஜோடி பிரைமரை (பி.சி.ஆரில் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சின்ன டி.என்.ஏ. துண்டுகள்) வைத்து எல்லா வகையிலும் அதைப் பிடித்துவிடலாம். ஆனாலும் அதற்குள்ளேயே போதுமான வித்தியாசம் இருக்கிறது, அதில் 447 எழுத்துகளைப் படித்தால் எந்த உறை வகை என்று பெரும்பாலும் ஊகித்துவிட முடியும். முழு மரபணு வாசிப்புக்கு எங்களிடம் பணமும் இல்லை, கருவியும் இல்லை. ஆனால் ஒரு பி.சி.ஆர். போட்டு வெளியே சீக்வென்சிங்குக்கு அனுப்ப முடியும். ஐந்து டியூப் அனுப்பினோம், கூடவே ஐ.சி.யூ.வில் மூன்றாம் படுக்கைக்குப் பக்கத்திலிருந்த கைகழுவும் தொட்டியின் வடிகாலில் எடுத்த ஸ்வாபில் வளர்ந்த கிளெப்சியெல்லாவையும் ஆறாவதாகச் சேர்த்தேன். அதை எடுக்கச் சொன்னது இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் சிஸ்டர், என் யோசனை இல்லை.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து ஒருமுறை நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். காசிமேட்டுக்காரர், கொருக்குப்பேட்டைப் பாட்டி, மணலி வெல்டர், தொட்டி வடிகால், நான்கிலும் ஒரே டபிள்யூ-இசட்-ஐ, அது கே.எல். 51 உறையைக் காட்டியது, கே.எல். என்பது கே லோக்கஸின் வகை எண். தண்டையார்பேட்டை அம்மாவுடையது வேறு, கே.எல். 64. அந்த அம்மாவோடு பொருந்தியது ஒரே ஒருவருடையது: கணக்கிலேயே சேர்க்க வேண்டாம் என்று ஒதுக்கிய வியாசர்பாடிப் பெரியவரின் வறண்ட காலனி.

ஒரே மாதிரித் தெரிந்தவை வேறு, வேறு மாதிரித் தெரிந்தது ஒன்று. உறையே இல்லாத கிருமிக்கு எப்படி உறை வகை வந்தது என்று ட்யூட்டி டாக்டர் கேட்டார், நியாயமான கேள்வி. சரம் இல்லையே தவிர, சரம் கட்டுவதற்கான தெரு அப்படியே குரோமோசோமில் இருக்கிறது, நாம் படித்தது தெருவின் பெயர்ப்பலகையை. பழைய ஆன்டிசீரம் முறையில் பார்த்திருந்தால் உறை இல்லாததால் இது எதோடும் ஒட்டாமல் "வகைப்படுத்த முடியவில்லை" என்று போயிருக்கும்.

இந்த முடிவைக் காட்டிக் கேட்டபோது ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கும் ஒரு நண்பர் முழு மரபணு வாசிப்புக்கு ஒத்துக்கொண்டார். அது வர ஒன்றரை மாதம் ஆனது. கே.எல். 51 கூட்டம் நான்கும் எஸ்.டி. 231 (எஸ்.டி. என்பது கிருமியின் குடும்ப எண்), கே.எல். 64 இரண்டும் எஸ்.டி. 147. இரண்டுமே இந்திய மருத்துவமனைகளில் அடிக்கடி தலைகாட்டும் குடும்பங்கள்தான். கூட்டத்துக்குள் எழுத்து வித்தியாசங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், இரண்டு கூட்டத்துக்கும் இடையே ஆயிரக்கணக்கில். பெரியவரின் கிருமியில் டபிள்யூ-சி-ஏ-ஜே மரபணுவின் நடுவில், தாவித்தாவி இடம் மாறும் ஒரு டி.என்.ஏ. துண்டு (இன்சர்ஷன் சீக்வென்ஸ்) வந்து உட்கார்ந்திருந்தது. முதல் முடிச்சுப் போடுகிறவரே காலி.

இதைப் பார்த்ததும் ஃப்ரீசரில் வைத்திருந்த அம்மாவின் பழைய சிறுநீர்க் கல்ச்சரை எடுத்து மறுபடி தட்டில் விரித்தோம். முதல் முறை ஈரமான காலனிகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டோம் போல. இந்த முறை லென்ஸ் வைத்துத் தேடினால், குண்டு குண்டாகக் கிடந்தவற்றின் இடையே மணல் துகள் மாதிரி ஏழெட்டு வறண்ட காலனிகள். பி.சி.ஆர். போட்டுப் பார்த்தால் அவற்றிலும் அதே இடத்தில் அதே செருகல். அதாவது உறை கழன்றது அம்மாவின் சிறுநீர்ப்பாதையிலேயே, கழன்ற பிறகுதான் அடுத்த படுக்கைக்குப் போயிருக்கிறது.

சிறுநீர்ப்பாதையில் இப்படி நடப்பது புதிதில்லை. எஸ்.டி. 258 என்ற, அமெரிக்காவில் பெரும் தலைவலியான கிளெப்சியெல்லாவை வைத்து 2020-இல் வந்த ஒரு ஆய்வு, ஒரே குடும்பம் இரண்டு திசையில் மாறுவதைக் காட்டியது. ரத்தத்தில் வெற்றிபெறுபவை டபிள்யூ-இசட்-சி-யில் மாறி இன்னும் தடித்த உறை போட்டுக்கொள்கின்றன. சிறுநீர்ப்பாதையில் நிலைத்திருப்பவை முதல் முடிச்சு நொதியை உடைத்துக்கொண்டு உறையைக் கழற்றிவிடுகின்றன, அதனால் செல்களில் ஒட்டி உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்வது சுலபமாகிறது. உறை என்றாலே வீரியம், உறை இல்லை என்றால் சாது என்று பாடத்தில் படித்துவிட்டு வருகிறோம். எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்காமல் அப்படிச் சொல்லவே கூடாது என்பது இப்போது என் எண்ணம்.

அப்புறம் எல்லாமே ஒழுங்காகப் பொருந்த ஆரம்பித்தது. காசிமேட்டுக்காரர் இருந்தது மூன்றாம் படுக்கை, பாட்டி நான்காம் படுக்கை, வெல்டர் வந்தது காசிமேட்டுக்காரரை மாற்றிய பிறகு அதே மூன்றாம் படுக்கைக்கு. மூக்கு வழி டியூபில் கொடுத்து மிஞ்சிய பால், கஞ்சி, புரோட்டீன் பவுடர் கரைசல் எல்லாம் பக்கத்துத் தொட்டியில்தான் கொட்டப்பட்டு வந்தது. வடிகால் குழாயின் வளைவுக்குள் படிந்த பிசினுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்ட மாதிரி ஆகிவிட்டது, குழாயைத் திறந்தால் தெறிக்கிறது, தெறித்த இடத்துக்கு ஓரடி தள்ளி மருந்து கலக்கும் ட்ராலி. முதலில் தொட்டிக்குள் எப்படிப் போனது என்று தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை, மூவருக்கும் இடையே அது ஜங்ஷன் மாதிரி இருந்தது என்பதே நடவடிக்கை எடுக்கப் போதுமானது. வளைவுக் குழாயை மாற்றினோம், அந்தத் தொட்டியில் கை மட்டும் கழுவ வேண்டும் என்று வைத்தோம், ட்ராலியை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனோம்.

ஸ்டெப்-டவுன் வார்டில் சிஸ்டர் ஒரு மதியம் முழுக்க ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். சிறுநீர்ப் பைகளைக் காலி செய்யும் நேரம் வந்தது. அளவுகோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக். அதே ஜக் ஆறு படுக்கைக்கும் போனது, ஒவ்வொரு பையின் குழாய் நுனியும் ஜக்கின் உள்விளிம்பில் தொட்டது, நடுவில் கையுறை மாறவில்லை. வரிசையில் அம்மாவுக்கு அடுத்து பெரியவர். ஆயாம்மாவைத் திட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை, வார்டுக்கு ஒரு ஜக் வாங்கிக் கொடுத்தது நிர்வாகம். இப்போது படுக்கைக்கு ஒன்று, எண் போட்டது.

நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் கிருமி இருந்த நான்கு பேரில் மூவருக்குச் செஃப்டாசிடைம்-அவிபாக்டமோடு அஸ்ட்ரியோனாமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது, என்.டி.எம். இருக்கும்போது அவிபாக்டம் மட்டும் போதாது, அந்த நொதி அஸ்ட்ரியோனாமை உடைக்காது என்பதால் இந்தச் சேர்க்கை. மூவரும் பிழைத்தார்கள். பாட்டிக்குக் கல்ச்சர் முடிவு வருவதற்கு முன்பே நிலைமை கைமீறிப் போனது, அவர் இறந்துவிட்டார். பெரியவருக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை, மருந்து கொடுக்காமல் கதீட்டரை எடுத்தோம், அது போதுமாக இருந்தது. ஆனால் அவரைத் தனிமைப்படுத்தியிருக்க வேண்டும், நான்தான் அவரைக் கணக்கிலிருந்து எடுத்திருந்தேன்.

மருந்துப் பட்டியல் ஏன் ஏமாற்றியது? என்.டி.எம்., ஆக்ஸா-48 குடும்பத்தைச் சேர்ந்த ஆக்ஸா-232 போன்ற எதிர்ப்பு மரபணுக்கள் பெரும்பாலும் குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிடில் இருப்பவை. பிளாஸ்மிடு இரவல் புத்தகம் மாதிரி, குடும்பம் பார்க்காமல் கைமாறும். 2010-இல் என்.டி.எம். பற்றி உலகத்தையே உலுக்கிய அந்தக் கட்டுரையில் சென்னை சாம்பிள்களும் இருந்தன, அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 2012-இல், ஆன்டிபயாடிக் எதிர்ப்பைக் கட்டுப்படுத்த மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட சென்னைப் பிரகடனம் வந்ததும் இதே கவலையில்தான். இத்தனை வருடத்தில் அந்த மரபணு எந்தெந்தக் குடும்பத்துக்குள்ளோ போய்விட்டது. இரண்டு பேரிடம் ஒரே புத்தகம் இருந்தால் அவர்கள் அண்ணன் தம்பி என்று எழுதுவதைத்தான் நான் செய்திருக்கிறேன்.

உறை வகையை மட்டும் பிடித்துத் தொங்கினாலும் ஆபத்து இருக்கிறது, இதையும் சொல்லாமல் விடக் கூடாது. கே லோக்கஸ் முழுத் தெருவாகவே ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குப் போய் மாற்றி உட்கார்ந்துகொள்ளும். மேலே சொன்ன எஸ்.டி. 258 இரண்டு கிளையாகப் பிரிந்ததே அந்த இடம் மாறியதால்தான். எஸ்.டி. 147-இல் கே.எல். 64 போட்டவையும் உண்டு, கே.எல். 10 போட்டவையும் உண்டு. கே.எல். 64 போட்ட மற்ற குடும்பங்களும் இருக்கின்றன. அதனால் பரவலைத் தேடும்போது எஸ்.டி.யும் உறையும் சேர்த்தே பார்க்க வேண்டும், கையில் காசு குறைவாக இருந்தால் டபிள்யூ-இசட்-ஐ ஒன்றாவது பார்த்துவிட வேண்டும், பொருந்தவில்லை என்றால் பழி சுமத்துவதை நிறுத்தவாவது அது உதவும். தடுப்பூசிக்காரர்களுக்கும், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸான ஃபேஜை மருந்தாக்கப் பார்ப்பவர்களுக்கும் இதே தலைவலி இன்னும் பெரிய அளவில் இருக்கிறது. ஃபேஜின் நொதி பெரும்பாலும் ஓரிரண்டு உறை வகையை மட்டும்தான் அரிக்கும். 1980-களில் 24 உறை வகைகளைச் சேர்த்து ஒரு தடுப்பூசி செய்துபார்த்தார்கள், அது வழக்கத்துக்கு வரவில்லை.

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். மருத்துவமனைக் கூட்டத்தில் அந்தப் பழைய வரியை வாசித்து, அது தவறு என்று சொல்லி, திருத்தியதை வாசித்தேன். அதோடு விட மனசு வரவில்லை. அம்மா டிஸ்சார்ஜ் ஆகி மூன்று வாரம் கழித்து டயாலிசிஸுக்கு வந்த அன்று, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐ.சி.யூ.வில் மூன்று பேருக்கு வந்தது வேறு கிருமி, அது உங்கள் அம்மாவிடம் இருந்ததே இல்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ எங்கம்மாகிட்டேர்ந்து யாருக்குமே போகலையா மேடம்?" என்று கேட்டார்.

ஒருவருக்குப் போனது, அவர் நன்றாக இருக்கிறார், போனது உங்கள் கை வழியாக இல்லை, எங்கள் ஜக் வழியாக என்று சொன்னேன். கஞ்சி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சரி மேடம் என்றார்.